நீல ஜவ்வரிசி

மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் முதலில் நனைவது உப்புதான். முத்தியால்பேட்டையில் கடலை ஒட்டிய தெரு எங்களுடையது. ஐப்பசி பிறந்துவிட்டால் உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், அப்பளம் பொரிப்பதற்கு முன்பே துவண்டு விழும், தீக்குச்சியை எத்தனை தடவை கிழித்தாலும் பற்றாது. இதற்கெல்லாம் அம்மாவிடம் ஒரே மருந்து இருந்தது. அரிசியை வறுத்து ஒரு பிடி உள்ளே போட்டு வைப்பாள். உப்புக்கு அது போதும். அதையே அத்தையின் ஆர்கனுக்கும் செய்து பார்த்ததில்தான் வம்பு தொடங்கியது.

ஆர்கன் என்றால் மின்சாரத்தில் வாசிக்கும் ஆர்கன். அத்தை அப்பாவின் தங்கை. சின்ன வயதில் அவள் ஒரு மதாமிடம் பியானோ கற்றுக்கொண்டாள். மதாம் என்றதும் வெள்ளைக்காரி என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய தமிழ் அம்மாள்தான். சேலைதான் கட்டுவார், ஆனால் பேரம் பேசும்போது மனக்கணக்கைப் பிரெஞ்சில் போடுவார். அவர் பிள்ளைகளோடு இருக்கப் பிரான்சுக்கே போனபோது, எடுத்துப் போக முடியாத ஆர்கனை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போனார். "ஈரம்தான் இதுக்கு எமன், பாத்துக்கோ" என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னாராம்.

அத்தை அந்த ஆர்கனோடு ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தாள். கல்யாணம், கோயில் திருவிழா என்று தை மாதத்திலிருந்து நிகழ்ச்சிகள் இருக்கும். மேடையில் எல்லாரும் ஆண்கள், ஓரத்தில் ஆர்கனுக்குப் பின்னால் அத்தை மட்டும் நீலப் புடவையில் நிற்பாள். அவள் நிமிர்ந்தே பார்க்கமாட்டாள். ஆனால் வீட்டில் சாம்பார் கரண்டியைப் பிடிக்கவே நடுங்குகிற அந்தக் கை, கட்டைகளின் மேல் போகும்போது யாருக்கும் பயப்படாது. மழை மாதங்களில் நிகழ்ச்சி கிடையாது. அப்போது ஆர்கனும் அதன் ஆம்ப்ளிஃபயரும் எங்கள் மாடி அறையில் பெட்டிக்குள் தூங்கும்.

முதல் வருடம் அம்மா அரிசியை வறுத்து, மல் துணியில் முடிந்து, ஆர்கன் பெட்டிக்குள் நான்கு மூலையிலும் வைத்தாள். எலிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆயிற்று. வந்த எலி அரிசியைத் தின்றது. ஆசை அடங்காமல், கட்டைகளுக்கு அடியில் இருந்த பச்சைக் கம்பளித் துணியையும் தின்றது. தை மாதம் முதல் கல்யாணத்தில், பெண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றும் நேரத்தில், அழுத்திய கட்டைகளில் சில எழுந்திருக்க மறுத்துவிட்டன. அத்தை ஒரு கையால் வாசித்தபடி இன்னொரு கையால் கட்டைகளைத் தூக்கி விட்டுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அம்மாவும் அதற்குப் பிறகு அரிசியைப் பற்றிப் பேசவில்லை.

நீல ஜவ்வரிசியைக் கொண்டு வந்தவர் அப்பா. அப்பா மில்லில் சாயப் பகுதியில் வேலை பார்த்தார். நூலுக்குச் சாயம் ஏற்றிய பிறகு, கேட்ட நிறம் வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. நமக்கெல்லாம் நீலம் என்றால் நீலம். அப்பாவுக்கு அது மயில் கழுத்து, ஆனந்தா நீலம், ராமர் நீலம், இன்னும் என்னென்னவோ. புடவை எடுக்கப் போகும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் அவரைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். கடைக்காரர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

மில்லுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின் பெட்டிகளில் சின்னச் சின்னப் பைகள் இருந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் ஜவ்வரிசி மாதிரி மணிகள், அத்தனையும் நீலம். குப்பையில் போகவிருந்ததைக் கேட்டு வாங்கி வந்தார். ஈரம் பட்டால் அவை மெல்ல ரோஸ் நிறமாகும். வாணலியில் போட்டு இளஞ்சூட்டில் வறுத்தால் குடித்த ஈரத்தையெல்லாம் விட்டுவிட்டு மறுபடி நீலமாகும். எத்தனை தடவை வேண்டுமானாலும் இப்படிச் செய்யலாம். அதற்கு சிலிகா ஜெல் என்று ஒரு பெயர் இருப்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். வீட்டில் அது ஜவ்வரிசிதான்.

அப்பாவுக்கு அதில் தீராத ஆச்சரியம். "எங்க மில்லுல ஒரு கலரு போச்சுன்னா போனதுதான். இது பாரேன், போயிட்டுத் திரும்பி வருது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அத்தை மல் துணியில் பைகள் தைத்தாள். துணி வழியாகவே உள்ளே இருப்பதன் நிறம் தெரியும். அம்மா ஓட்டை அடைத்த பழைய வாணலி ஒன்றை அதற்கென்று ஒதுக்கி, சமையல் பாத்திரத்தோடு கலக்கக் கூடாது என்று அதன் காதில் ஒரு சிவப்புக் கயிறும் கட்டினாள். வறுக்கும்போது தீ கொஞ்சம் கூடினால் மணிகள் கடுகு மாதிரி வெடிக்கும். அதனால் அத்தை ஸ்டவ் திரியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, பால் காய்ச்சுகிறவளைப் போலப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ரோஸ் மங்கி, ஊதாவாகி, ஓரத்திலிருந்து நீலம் பரவும்.

எனக்கும் வேலை கொடுத்தார்கள். தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பையைப் பார்க்க வேண்டும். நீலம் என்றால் மூடிவிட்டு வரலாம். ரோஸ் என்றால் அத்தையைக் கூப்பிட வேண்டும். அவள் அந்தப் பைகளை எடுத்துவிட்டு, பிஸ்கட் டப்பாவில் இறுக மூடி வைத்திருக்கும் வறுத்த பைகளை உள்ளே வைப்பாள். இதைவிடப் பெரிய உத்தியோகம் புதுச்சேரியில் வேறு யாருக்கும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் பாண்டி விளையாடும்போதுகூடப் பாதியில் நிறுத்திவிட்டு, "எனக்கு ஆர்கன் பாக்கணும்" என்று போவேன். யாராவது வீட்டுக்கு வந்தால் பையை எடுத்து வந்து காட்டி விளக்கம் சொல்லாமல் விடமாட்டேன். பெரியப்பாவுக்கே பல தடவை சொல்லியிருக்கிறேன். அவர் காபி குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார்.

பெரியப்பா அப்பாவுக்கு மூத்தவர். தாத்தா போன பிறகு குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். அப்பாவே அவர் எதிரில் உட்காரமாட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் முடித்துவிட்டுத்தான் நம்மிடம் வந்து கேட்பார். அந்தக் கார்த்திகையில் அப்படித்தான் ஒரு வரனை ஏறக்குறைய முடித்துவிட்டு வந்து நின்றார்.

மாப்பிள்ளை சொல்தா வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். மாப்பிள்ளையின் அப்பா சொல்தா, பிள்ளைக்குப் பிரான்சில் வேலை. லீவு கொஞ்ச நாள்தான் என்பதால் மழையிலேயே பெண் பார்த்து, தை பிறந்ததும் கல்யாணம், கையோடு விமானம். "இப்பேர்ப்பட்ட எடம் தானா வருது. வயசு முப்பத்திரெண்டுதான். நம்ம பாப்பா ஆர்கன் வாசிக்கும்னு சொன்னேன், பையனோட அம்மாவுக்கு அவ்ளோ சந்தோஷம்" என்றார் பெரியப்பா. அத்தை தலையைக் குனிந்து நின்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் குடையை எடுத்தார்.

மறுநாள் அத்தை ஜவ்வரிசி வறுக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். கரண்டியால் கிளறிக்கொண்டே அவள் அம்மாவிடம் சொன்னாள்.

"எனக்கு வேணாம் அண்ணி. அந்தம்மா சொல்லிவுட்ருக்காங்களாம், இந்த மேடை கச்சேரியெல்லாம் இத்தோட விட்டுடணுமாம். விருந்தாளி வந்தா வீட்ல வாசிச்சிக் காட்டுனா போதுமாம்."

"அத உங்க பெரியண்ணாகிட்ட யாரு சொல்றது?" என்றாள் அம்மா.

அத்தை ஸ்டவ் திரியை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள். கிணற்றடியில் அப்பா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். அவருக்குக் காதில் விழாதது போலத்தான் எனக்குத் தோன்றியது. எனக்கும் அத்தை போவதில் பெரிய வருத்தம் இருந்தது. அவள் போய்விட்டால் ஆர்கனை மூடிவிடுவார்கள், அப்புறம் என் உத்தியோகம் என்ன ஆவது?

அவர்கள் வந்த அன்று விடியும்போதே மழை. கேசரியும் பஜ்ஜியும் மணக்கிற வீட்டில் நான் வழக்கம்போல மாடிக்குப் போய்ப் பையைப் பார்த்தேன். நீலம். அப்படி ஒரு நீலத்தை அந்த மழைக்காலத்தில் நான் பார்த்ததில்லை. முதல் நாள்தான் அத்தை வறுத்திருந்தாள். ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னேன். ஆர்கனையும் ஆம்ப்ளிஃபயரையும் பெட்டியோடு கூடத்துக்குக் கொண்டு வந்து மேசை மேல் வைத்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா கனமான பட்டுப்புடவையில் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே எங்கள் கூடத்தை அளந்துவிட்டார். மாப்பிள்ளை கோட்டு போட்டிருந்தார், அதிகம் பேசவில்லை. அப்பா அவருக்கு எதிரில் நின்றுகொண்டு அவருடைய மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதையில்லாமல் இப்படிப் பார்க்கிறாரே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. பிறகு பஜ்ஜித் தட்டை எடுக்கிற சாக்கில் சமையலறைக்கு வந்து அம்மாவிடம் மெல்லச் சொன்னார்.

"சாயம் சரியா புடிக்கல. வேர்ல வெள்ள தெரியுது."

"இன்னா சொல்றீங்க?"

"நாப்பத்தஞ்சுக்குக் கொறையாது."

அம்மா தட்டில் இன்னும் இரண்டு பஜ்ஜி வைத்தாள். அப்பா எடுத்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன்.

காபி முடிந்ததும் பெரியப்பா எதிர்பார்த்த நேரம் வந்தது. "பாப்பா, ஒரு பாட்டு வாசிம்மா" என்றார். பெட்டியைத் திறக்கிற உரிமை என்னுடையது. திறந்தேன், பைகளை எடுத்துத் தட்டில் வரிசையாக வைத்தேன். அத்தை ஆர்கனுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் ஒயரை இணைத்தாள். மேடையில் அவள் அதைச் செருகும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், எனக்குப் பிடித்த சத்தம் அது. அன்றைக்கு அந்தச் சத்தம் வரவில்லை. ஒயரின் முனை கொஞ்சம் வெளியிலேயே பளபளத்துக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கேசரியில் முந்திரிப் பருப்பு எங்கே இருக்கிறது என்று தேடப் போய்விட்டேன்.

அத்தை கட்டையை அழுத்தினாள். ஆர்கன் பாடவில்லை, அலறியது. இருட்டில் வாலை மிதித்துவிட்டால் நாய் போடுமே, அப்படி ஒரு கூச்சல். அதற்குப் பின்னால் நிற்காத ஒரு கொர்ர்ர். மாப்பிள்ளையின் அம்மா காதைப் பொத்திக்கொண்டு "மோந்தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை காபி டம்ளரைக் கோட்டின் மேல் சாய்த்துக்கொண்டார். அத்தை இன்னொரு தடவை அழுத்தினாள். முன்னதைவிட மோசம்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் பெரியப்பா. அவர் முகம் கறுத்துவிட்டது.

"மழண்ணா. ஈரம் ஏறிடுச்சு போல."

என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை. ஈரமா? நான் இருக்கும்போதா? காலையில் எல்லோரிடமும் சொன்னேனே! தட்டிலிருந்த பையை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன்.

"இல்ல பெரியப்பா! ஈரமே இல்ல. ஜவ்வரிசி நீலமாத்தான் இருக்கு பாருங்க!"

அத்தையின் கை கட்டையின் மேல் அப்படியே நின்றது. பெரியப்பா என் கையிலிருந்த பையைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். அவருக்கு ஜவ்வரிசிக் கணக்கு தெரியும், நான்தானே பாடம் நடத்தியிருந்தேன். ஆனால் கூடத்தில் மழை இருட்டு, விளக்கோ மஞ்சள் பல்பு. அவர் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு பார்த்துவிட்டு, பையை அப்பாவிடம் நீட்டினார்.

"நீ பாருடா. கலரு உனக்குத்தானே தெரியும்."

அப்பா பையை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். மில்லில் நூல் கட்டைப் பார்க்கும்போதும் இப்படித்தான் வெளிச்சத்துக்குக் கொண்டு போவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். துணியை விரலால் இழுத்து விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஒரு தடவை அத்தை பக்கம் பார்த்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அப்பா பார்த்துச் சொன்னால் கடைக்காரனே வாய் திறக்கமாட்டான், இவர்கள் எம்மாத்திரம்?

"ரோஸாயிடுச்சுண்ணா" என்றார் அப்பா. "நல்லா ஈரம் குடிச்சிருக்கு."

பையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்பா! நீலம்ப்பா! நல்லாப் பாருங்கப்பா!" என்று நான் கத்தினேன். அம்மா என்னைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். வாய் நிறையக் கேசரியைத் திணித்தாள். அழுதுகொண்டே தின்றேன். அநியாயம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர்கள் வீட்டிலிருந்து இரண்டொரு நாளில் பதில் வந்தது. முதல் வாசிப்பே அபஸ்வரமாகப் போனதால் சகுனம் சரியில்லையாம். பெரியப்பா ஆர்கனைத் தூக்கிக் கடலில் போடச் சொன்னார். அப்பா, "ஆமாண்ணா, ஈரம் காயட்டும், போட்டுடலாம்" என்றார். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் சிரித்ததாக எனக்கு இப்போது தோன்றுகிறது.

எனக்கு அவமானம் போய், பயம் வந்தது. அப்பாவின் கண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது. நீலத்தை ரோஸ் என்கிறவரை மில்லில் வைத்துக்கொள்வார்களா? கேட்ட நிறம் ஒன்று, அப்பா சொல்கிற நிறம் ஒன்று என்றால் லாரி லாரியாகத் தப்பான சாயம் போகுமே! யாரிடமும் சொல்ல முடியாமல் நானே அவரைச் சோதிக்கத் தொடங்கினேன். என் ரிப்பனைக் காட்டி என்ன கலர் என்றேன். "வாடாமல்லி" என்றார். அம்மாவின் புடவையைக் காட்டினேன். "அரக்கு, கொஞ்சம் வெளுத்த அரக்கு" என்றார். எல்லாம் சரி. கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு பையை எடுத்துக் கொண்டு போய், "இது என்ன கலருப்பா?" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "அன்னிக்கா, இன்னிக்கா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மழை நாளில் மட்டும் அவர் கண்ணில் ஈரம் ஏறிவிடுகிறது. வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது. உப்புக்கும் அப்பளத்துக்கும் ஏறுகிற ஈரம் கண்ணுக்கு ஏறாதா என்ன? நோய் தெரிந்தால் மருந்து தெரியாதவளா நான்?

அத்தையிடம் போய் அப்பாவின் சட்டைப் பையில் வைக்கிற அளவுக்கு ஒரு குட்டிப் பை தைத்து, ஜவ்வரிசி போட்டுத் தரச் சொன்னேன். எதற்கு என்றாள். சொன்னேன். அத்தை கையிலிருந்த ஊசியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பு இன்னும் முடியவில்லை என்று நினைத்து நான் காத்திருந்தேன். அன்று அவள் தைத்த பைதான் அவள் தைத்ததிலேயே அழகானது. ஓரமெல்லாம் சின்னச் சின்னத் தையல்.

அப்பா அதை மறுக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போனார். தினமும் சாயங்காலம் அவர் வந்ததும் எடுத்துப் பார்ப்பேன். ரோஸாகியிருந்தால் அத்தை வறுத்துக் கொடுப்பாள். பீடிக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில் அந்தப் பை வருடம் முழுக்க இருந்தது.

மாசி மகத்துக்குச் சாமிகள் கடலாட வந்தபோது கடற்கரைப் பந்தலில் அத்தையின் குழு வாசித்தது. அந்த ஆர்கனில் ஒரு குறையும் இல்லை. ஒயர் முனை சரியாக உட்காராவிட்டால் ஆம்ப்ளிஃபயர் எப்படி அலறும் என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகு என் மகனின் கிடாரில் கேட்டேன். கேட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அதுவரை அன்றைக்கு ஆர்கன் ஏன் அலறியது என்று நான் யோசித்ததே இல்லை.

அடுத்த கார்த்திகையிலும் மழையில் ஒரு வரன் வந்தது. இந்த மாப்பிள்ளை உள்ளூரில் பள்ளிக்கூட வாத்தியார். கோட்டு கிடையாது, நரைத்தது நரைத்தபடி காதோரம் இரண்டு முடி. மாசி மகத்தன்று பந்தலில் நின்று கேட்டாராம். கல்யாணத்துக்குப் பிறகு கச்சேரிக்குப் போவது பற்றிப் பெரியப்பா இழுத்தபோது, "போவாம? அதுக்குத்தான வந்தேன்" என்றார். அத்தை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

பெரியப்பா இந்த முறை உஷாராக இருந்தார். அத்தை ஆர்கனைத் தொடுவதற்கு முன்பே தட்டிலிருந்து ஒரு பையை எடுத்து அப்பாவிடம் கொடுத்து, "மொதல்ல இத பாத்துச் சொல்லுடா" என்றார். வெளியே போன வருடத்தைவிடப் பெரிய மழை. அப்பா ஜன்னலுக்குக்கூடப் போகவில்லை. மஞ்சள் பல்புக்கு அடியில் நின்றபடியே சொன்னார்.

"நீலம்ண்ணா. அசல் நீலம்."

அத்தை ஒயரைச் செருகினாள். 'டக்' என்றது. அவள் வாசிக்கத் தொடங்கிய பிறகு எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வைத்தியம் பலித்துவிட்டது. அப்பாவின் கண்ணை நான் காப்பாற்றிவிட்டேன்.